‘லீட்’, ‘லெட்’: ஒரே எழுத்துக்கூட்டலுக்கு இரண்டு ஒலிப்புகள் ஏன்?

கேள்வி:
எல், இ, ஏ, டி என்னும் நான்கு எழுத்துகளால் ஆன ஆங்கிலச் சொல், ஓரிடத்தில் ‘லீட்’ என்றும் மற்றோரிடத்தில் ‘லெட்’ என்றும் ஒலிக்கிறது. வழிநடத்துதல், முன்னிலை, முதன்மை வேடம், மின்கம்பி, ஈயம், பென்சிலுக்குள் இருக்கும் கரிய குச்சி என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகும் பொருள்களில், எதற்கு எந்த ஒலி என்பதை எப்படி உறுதிசெய்வது? வினைச்சொல்லின் இறந்தகால வடிவமும் ‘லெட்’ என்றே ஒலிப்பதால் மாணவர்களுக்குக் குழப்பம் மிகுகிறது. இதற்கு விதி ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
உண்டு, ஐயா. வெவ்வேறு வேர்களிலிருந்து வந்த இரண்டு சொற்கள் எழுத்தில் மட்டும் ஒன்றுபோல் அமைந்துவிட்டன என்பதை முதலில் சொல்லிவிட்டால் மாணவர்களின் குழப்பத்தில் பாதி நீங்கிவிடும்.

முன்னே செல்லுதல், ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல் என்னும் கருத்திலிருந்து கிளைத்தவை அனைத்தும் ‘லீட்’ ஆகும். ஆட்டத்தில் ஓர் அணி பெறும் முன்னிலை, நாடகத்தின் முதன்மை வேடம், துப்பறிவோருக்குக் கிடைக்கும் தடயம், நாயைப் பிடித்துச் செல்லும் வார், மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் கம்பி ஆகியவற்றை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மற்றொன்றை இட்டுச்செல்வதைக் காணலாம். ஒரு செயல் இன்ன விளைவில் கொண்டுபோய் விடுகிறது என்று சொல்லும்போதும் இதே ஒலிதான்.

உலோகமாகிய ஈயத்தையும் அதனோடு தொடர்புடையவற்றையும் குறிப்பது ‘லெட்’. ஈயம் கலவாத பெட்ரோலை ‘அன்லெடெட்’ என்று சொல்வதும் இதனால்தான். பென்சில் குச்சி மட்டும் சற்று விளக்கம் வேண்டுவது. அதில் ஈயம் சிறிதும் இல்லை. இருப்பது கரிமத்தின் ஒரு வடிவமான கிராஃபைட். அதன் இயல்பு தெளிவாகத் தெரியாத காலத்தில் அதனையும் ஈயத்தின் ஒரு வகையாகவே கருதினார்கள். அது கரிமமே என்று 1779-இல் ஷீலே என்னும் வேதியியலாளர் காட்டிய பிறகும் பழைய பெயரும் ஒலியும் நிலைத்துவிட்டன.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கத்தோடு அச்சுத்துறைச் சொல் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். வரிகளுக்கு இடையே விடப்படும் இடைவெளியைக் குறிக்கும் சொல்லைப் பலர் ‘லீடிங்’ என்று படிக்கிறார்கள். அது ‘லெடிங்’ என்பதே சரி. உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயப் பட்டைகளைச் செருகினார்கள் என்பதே அதற்குக் காரணம். ‘முன்னணியில் உள்ள’ என்னும் பொருளில் வரும்போது அதே எழுத்துக்கூட்டல் ‘லீடிங்’ ஆகிவிடும்.

தமிழ் வழியாகக் கற்பிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் எழுத்தில் ‘லெட்’ என்று எழுதினால், அனுமதித்தலைக் குறிக்கும் ‘லெட்’டும் ஈயத்தைக் குறிக்கும் ‘லெட்’டும் ஒன்றாகவே தோன்றும். முன்னதன் இறுதி ஒலி ‘பட்டு’ என்பதில் உள்ளதுபோல் வல்லொலி; பின்னதன் இறுதி ஒலி ‘நாடு’ என்பதில் உள்ளதுபோல் மெல்ல அதிர்ந்து வருவது, அதற்கு முன்னுள்ள எகரமும் சற்றே நீண்டு ஒலிக்கும். இதனை வாயால் சொல்லிக் காட்டாமல் எழுதிக் காட்டினால் மட்டும் போதாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ‘வாசி’ என்னும் பொருள்தரும் ‘ரீட்’ இறந்தகாலத்தில் எழுத்து மாறாமலே ‘ரெட்’ ஆகிறது. அப்படியிருக்க, ‘லீட்’ மட்டும் இறந்தகாலத்தில் ஏகாரமில்லாத, அதாவது ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து இல்லாத, எழுத்துக்கூட்டலைப் பெறுவது ஏன்?

மறுமொழி 3:
ஒலி வரலாற்றில் இரண்டும் ஒரே வழியில் வந்தவைதான். பழைய ஆங்கிலத்தில் இவ்விரு வினைகளுக்கும் நெடில் இருந்தது. இறந்தகாலத்தில் டகர ஒலி இரட்டித்ததால் அதன் முன்னிருந்த நெடில் குறுகியது. எழுத்துக்கூட்டல் நிலைபெற்றபோது ஒன்று ஒலிக்கேற்ப எல், இ, டி என்று சுருங்கியது. மற்றொன்று நிகழ்கால வடிவத்தையே வைத்துக்கொண்டது. இதற்கு மேல் அதில் ஒழுங்கு தேடுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

‘ரெட்’டைப் பார்த்துப் பழகியவர்கள் ‘வழிநடத்தினார்’ என்று எழுதும்போதும் ‘ஏ’யைச் சேர்த்துவிடுகிறார்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் இப்பிழை மிகுதி. திசைதிருப்புதலைக் குறிக்கும் ‘மிஸ்லீட்’ என்பதன் இறந்தகாலமான ‘மிஸ்லெட்’டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.