15/45-ஐ 16/45 ஆக்கினால் 100-இல் அதிர்வு அடங்குமா?

நீள்சாலை:
400 சிசி ஒற்றைச் சிலிண்டர், 6 கியர், 520 அளவுச் செயின், ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 15/45, அதாவது முன்னால் 15 பல், பின்னால் 45. ஆறாவதில் 100 கிமீ வேகத்துக்கு 6000 ஆர்பிஎம் காட்டுகிறது. 5500-இல் தொடங்கி 6000 வரை ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்ட்டும் கிறுகிறுக்கின்றன, அதைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது. முன்னால் ஒரு பல் கூட்டி 16 போடலாமா, பின்னால் 42 போடலாமா? ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலை. பாதி நேரம் பின்னால் ஆள் உண்டு.

பல்லெண்ணி:
யோசிக்காமல் 16 போடுங்கள். 45/15 = 3.00, 45/16 = 2.81. அதே வேகத்துக்கு ஆர்பிஎம் 6.25 சதவீதம் குறையும். 6000 இருந்த இடத்தில் 5625.

பின்னால் 42 போட்டாலும் 2.80, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பின்னால் மூன்று பல் குறைந்தால் செயின் தொங்கிவிடும், ஆக்சிலை 13 மிமீ போலப் பின்னுக்கு இழுக்க வேண்டும். செயின் அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இல்லையென்றால் செயினில் இரண்டு லிங்க் (கண்ணி) வெட்டியாக வேண்டும். முன்னால் ஒரு பல் கூட்டினால் ஆக்சில் 4 மிமீக்குள் முன்னே வந்தால் போதும், செயினில் கை வைக்கவே வேண்டாம். தவிர, பெரிய முன் ஸ்பிராக்கெட் செயினுக்கும் நல்லது. ஆரம் கூடுவதால் அதே டார்க்குக்குச் செயினில் இழுவிசை குறைகிறது. ஒவ்வொரு லிங்க்கும் 24 டிகிரி மடங்கிய இடத்தில் 22.5 டிகிரிதான் மடங்கும்.

கிளட்ச்தாசன்:
கணக்கு சரிதான் பல்லெண்ணி, நோய்க்கு அது மருந்தா என்பதுதான் கேள்வி. அதிர்வு ஒட்டியிருப்பது ஆர்பிஎம்மோடு, வேகத்தோடு இல்லை. இப்போது 5500 முதல் 6000 என்பது 92 முதல் 100 கிமீ. 16 போட்டதும் அதே கிறுகிறுப்பு 98 முதல் 107-க்கு இடம் மாறும், அவ்வளவுதான். 95-இல் போகிறவருக்கு விடுதலை. 105-இல் போகிறவர் இன்றைக்கு அதைத் தாண்டி நிம்மதியாக இருக்கிறார், நாளைக்கு அதன் நடுவிலேயே போய் உட்காருவார். நீள்சாலை எந்த வேகத்தில் போகிறார் என்று கேட்காமல் பல் எண்ணிக்கை சொல்வது, ஜுரமா என்று தொட்டுப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது மாதிரி.

அதோடு பின்னால் ஆள் ஏற்றி, மேட்டில் நின்று கிளம்பும்போது முதல் கியரும் அதே அளவு நீளமாகிவிடும். அரை கிளட்சில் கூடுதல் நேரம் தேய்ப்பீர்கள். பிளேட் சூடேறி வழவழப்பானால் அப்புறம் ஆறாவதிலேயே நழுவ ஆரம்பிக்கும்.

பல்லெண்ணி:
அதிர்வுப் பட்டை நகரும் என்ற விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். கிளட்ச் பயம் மட்டும் மிகை. இந்த வகை வண்டிகளில் முதல் கியருக்கும் ஆறாவதுக்கும் இடையே 3.2 மடங்கு போல வித்தியாசம் இருக்கும். அப்படிப் பார்த்தால் 1500 ஆர்பிஎம்மில் கிளட்சை முழுதாக விட்டு ஊர்கிற வேகம் இன்றைக்கு மணிக்கு 7.8 கிமீ. 16 போட்டால் 8.3. மணிக்கு அரை கிலோமீட்டர் கூடியதற்கு எந்தக் கிளட்சும் செத்துப்போகாது.

கிளட்ச்தாசன்:
வெறும் வண்டிக்கு அரை கிலோமீட்டர் ஒன்றுமில்லை. இரண்டு பேர், இரண்டு பெட்டி, நெரிசலில் நூறு முறை நின்று கிளம்பினால் கூட்டிப் பாருங்கள்.

சின்னவண்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 150 சிசி, 428 செயின், 14/42. நானும் 15 போட்டால் 100-இல் இன்ஜின் அமைதியாகுமா?

பல்லெண்ணி:
தம்பி, வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து 100-இல் போக காற்றும் டயரும் சேர்ந்து 9-10 கிலோவாட் கேட்கும். உங்கள் இன்ஜின் உச்சியில் தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆர்பிஎம்மைக் கீழே இறக்கினால் அந்த உச்சியைத் தொடவே முடியாது. எதிர்க்காற்றில் ஐந்தாவதில் நான்காவதை விட மெதுவாகப் போகும் வினோதம் நடக்கும். 400 சிசியில் 100 கிமீ வேகத்தில் கேட்பதைப் போல இரண்டு மடங்கு கையிருப்பு இருக்கிறது, அதனால்தான் அங்கே இந்தப் பேச்சு செல்லுபடியாகிறது.

டார்க்ரெஞ்ச்:
எது போட்டாலும், மாட்டும்போது சொதப்புகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

520 செயினில் 15 பல்லின் பிட்ச் விட்டம் (செயின் பின்கள் சுற்றும் வட்டத்தின் விட்டம்) 76.4 மிமீ, 16 பல்லுக்கு 81.4. சுற்றிலும் 2.5 மிமீ கூடுகிறது. கிரான்க் கேஸ், கிளட்ச் புஷ்ராட் காவல் தகடு, ஸ்பிராக்கெட் மூடி மூன்றிலும் செயின் ஏறி நிற்கும்போது இடம் இருக்கிறதா பாருங்கள். மூடிக்குள் கட்டியாகிப் போன பழைய செயின் கிரீஸைச் சுரண்டி எடுக்காமல் இடம் இல்லை என்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

முன் ஸ்பிராக்கெட் நட்டை, செயின் மாட்டி இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்துங்கள். கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் ஆக்சிலைத் தளர்த்திவிட்டு அப்புறம் இந்த நட்டோடு மல்லுக்கட்டுவது வீண். மடித்த லாக் வாஷரை நிமிர்த்தி மறுபடி மடிக்க வேண்டாம், உலோகம் களைத்திருக்கும், புதிதைப் போடுங்கள். நட்டுக்கு எவ்வளவு டார்க் என்பதற்கு வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான் பேச வேண்டும். சில வண்டிகளில் நட்டே இருக்காது, இரண்டு எம்6 போல்ட்டும் ஒரு தகடும்தான். அதற்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

மாட்டும் முன் செயினை அளங்கள். இழுத்துப் பிடித்து 20 பிட்ச், அதாவது முதல் பின்னின் (லிங்க்குகளைக் கோக்கும் ஊசி) நடுவிலிருந்து 21-ஆவது பின்னின் நடு வரை. புதிதில் 317.5 மிமீ. 320.7-க்குப் போயிருந்தால் 1 சதவீதம் நீண்டாயிற்று, புது ஸ்பிராக்கெட்டை அது சீக்கிரமே கொக்கிப் பல்லாக்கிவிடும். அப்போது செயின் செட்டாகவே மாற்றுவதுதான் புத்தி.

செயின் தளர்வைச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். அதிகம் இறுக்கினால், சஸ்பென்ஷன் அமுங்கி சுவிங்கார்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலேறும்போது செயின் கம்பியாகி, முன் ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் அவுட்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கும் சீலும் அடி வாங்கும். சீல் ஓரம் எண்ணெய் கசிந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

மீட்டர்முள்:
ஸ்பீடோமீட்டரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். சென்சார் சக்கரத்தில் இருந்தால் மாற்றம் இல்லை. கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்ட்டில் இருந்தால் 16 போட்ட பிறகு மீட்டர் 100 காட்டும்போது, முன்பு அது சரியாகக் காட்டியிருந்தால், நிஜத்தில் 106.7 போய்க்கொண்டிருப்பீர்கள். தொழிற்சாலை மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் பாதி பிழை அதிலேயே கழியும். ஆனால் ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும், ஆயில் மாற்றும் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீள்சாலை:
நன்றி. சென்சார் சக்கரத்தில்தான். நான் ஓட்டுவது 95 முதல் 100.

கிளட்ச்தாசன்:
அப்படியானால் 16/45 உங்களுக்கு அரைகுறை. 95-இல் தப்பிப்பீர்கள், 98 தொட்டதும் மறுபடி கிறுகிறுப்பு. காசு செலவழிக்கும் முன் இப்போதைய ஸ்பிராக்கெட்டிலேயே சோதிக்கலாம். ஆறாவதில் 94 கிமீயில் நிலையாகப் பிடியுங்கள், அது 5625 ஆர்பிஎம். 16 போட்ட பிறகு 100-இல் இன்ஜின் இப்படித்தான் அதிரும்.

பல்லெண்ணி:
சோதனை அருமை. அதிர்வுக்குப் பொருந்தும், இழுவைக்கு முழுதாகப் பொருந்தாது. 94-இல் காற்று 100-ஐ விட லேசு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் நீள்சாலை, 16/43. அது 2.69, 100-க்கு 5375. இப்போதைய வண்டியில் அதற்குச் சமம் 90 கிமீ. அதையும் பிடித்துப் பாருங்கள்.

கிளட்ச்தாசன்:
16/43 என்றால் முதல் கியரில் ஊரும் வேகம் 8.7 ஆகிவிடும், அதை எழுத மறந்துவிட்டீர்கள். ஆறாவதில் 3000 ஆர்பிஎம் இப்போது 50 கிமீ, அப்போது 56. அதற்குக் கீழே சோம்பலாக ஆறாவதிலேயே த்ராட்டிலைத் திறந்தால் ஒற்றைச் சிலிண்டர் முக்கும், செயின் பட்பட்டென்று அடிக்கும், அந்த அடியை வாங்குவது பின் ஹப்பில் அதிர்ச்சி தாங்க இருக்கும் கஷ் ரப்பர். மேடு வந்தால் ஐந்தாவதுக்கு இறங்க வேண்டும், ஆறாவது சமதளத்துக்கு மட்டும்.

பல்லெண்ணி:
நெடுஞ்சாலைக்கென்று கேட்பவருக்கு ஆறாவது சமதளத்துக்கு மட்டும் இருந்தால் என்ன நஷ்டம்? கியரை மாற்றக் கால் இருக்கிறதே.

நீள்சாலை:
இரண்டையும் பார்த்தாயிற்று. 94-இல் கிறுகிறுப்பு அப்படியே இருக்கிறது. 90-இல் சுத்தமாக இல்லை.

கிளட்ச்தாசன்:
சரி, அப்போது 16/45 வீண் செலவு, போட்டால் 16/43தான். மைலேஜ் கூடும் என்று மட்டும் கனவு காணாதீர்கள், த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகத் திறப்பதால் சிறு லாபம் இருக்கும், காற்று தன் பங்கை விடாது. வாங்கும் முன் அட்ஜஸ்டர் கோட்டைப் பாருங்கள், ஆக்சில் 5 மிமீ பின்னே போக வேண்டியிருக்கும். இப்போதே கடைசிக் கோட்டில் நிற்கிறதென்றால் உங்கள் செயின் ஏற்கனவே நீண்டுவிட்டது என்று அர்த்தம், டார்க்ரெஞ்ச் சொன்ன 21 பின் அளவை முதலில் எடுங்கள்.