தோட்டத்து அணியின் ஜேர்சியில் பந்தயத் தளத்தின் பெயர் வேண்டுமா? (இணையக் கருத்துக்களம்)

கெசல்கமுவ (பொகவந்தலாவை):

எமது தேயிலைத் தோட்டத்து உதைபந்தாட்ட அணிக்குப் பதினாறு ஜேர்சிகளை இலவசமாக அச்சிட்டுத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். அவர் ஓர் ஒன்லைன் பந்தயத் தளத்தின் முகவர். அத்தளத்தின் பெயர் நெஞ்சுப் பகுதியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே அவர் வைத்த ஒரே நிபந்தனை. இதை ஏற்கக்கூடாது என்று நான் கூறியபோது, அணியின் தம்பிமார், "இங்கிலாந்தில் உங்கள் எவர்ட்டன் அணிந்தால் சரி, நாங்கள் அணிந்தால் பிழையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எவர்ட்டன் அணிந்ததும் பிழை என்பதே எனது பதில்.

இருபது வருடங்களாக, லிவர்பூல் நகரத்து உதைபந்தாட்டக் கழகமான எவர்ட்டனின் ரசிகனாக இருக்கிறேன். 2022இல் ஸ்டேக் என்ற பந்தயக் கம்பனியின் பெயர் அதன் ஜேர்சியில் ஏறியபோது, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டார்கள். 2025இன் தொடக்கத்தில் அக்கம்பனி பிரித்தானியச் சந்தையிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. ஆயினும் அதன் பெயர் ஜேர்சியை விட்டு விலகவில்லை. அந்நாட்டில் பந்தயம் ஏற்காத ஒரு கம்பனி, அந்நாட்டுக் கழகத்தின் சட்டையில் பெயர் போடுவதற்கு எதற்காகப் பணம் கொடுத்தது?

விடை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இருக்கிறது. கீழ்நிலைக் கழகங்களின் மைதானங்கள் வெறுமையாகிவிடக் கூடாது என்பதற்காகப் பிரித்தானியாவில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்த உதைபந்தாட்டப் போட்டியையும் நேரடியாக ஒளிபரப்புவதில்லை. ஆகவே மூன்று மணி ஆட்டத்தை லிவர்பூலில் வீட்டிலிருக்கும் ரசிகர் பார்க்க முடியாது. நான் பொகவந்தலாவையில் இரவு எட்டரைக்கு, அவர்களுடைய கோடைகாலமானால் ஏழரைக்கு, சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். அந்தப் பெயர் எனக்காகவும் என் அருகில் அமர்ந்திருக்கும் என் மகனுக்காகவும் எழுதப்பட்டது. இப்போது அதே பெயர்களில் ஒன்று எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசல் வரை நடந்து வந்திருக்கிறது.

டன்பார் 10 (ஹட்டன்):

அண்ணன் குறிப்பிடும் அணியின் தலைவன் நான்தான் என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. சென்ற சுற்றுப்போட்டியில் எதிரணியும் நீலம், நாங்களும் நீலம். மாற்றுச் சட்டை இல்லாததால் எங்கள் பையன்கள் சட்டையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி அணிந்துகொண்டு இரண்டாம் பாதியை ஆடினார்கள். முதுகில் இலக்கம் தெரியாத காரணத்தால் மத்தியஸ்தர் ஒருவருக்குக் காட்ட வேண்டிய மஞ்சள் அட்டையை இன்னொருவருக்குக் காட்டினார். சுற்றியிருந்த கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பதினெட்டு வயதுப் பையனிடம் போய், இங்கிலாந்தில் இத்தனை பேர் மனுவில் ஒப்பமிட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

ஒரு ஜேர்சி 1,800 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். தோட்ட நிர்வாகம் ஒரு பந்துகூட வாங்கித் தருவதில்லை. தேர்தல் காலத்தில் வந்து போட்டோ எடுத்தவர்கள் திரும்பி வரவில்லை.

இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்கிலும் இதுவே நிலைமை. ஆர்சனலுக்கும் மன்செஸ்டர் சிட்டிக்கும் விமானக் கம்பனிகள் கொடுக்கின்றன, லிவர்பூலுக்கு வங்கி கொடுக்கிறது. நடுத்தரக் கழகங்களுக்கு யார் கொடுப்பார்கள்? 2024–25 பருவத்தில் இருபது கழகங்களில் பதினொன்று பந்தயக் கம்பனிகளின் பெயரை அணிந்தது ஆசையால் அல்ல. பிரென்ட்போர்ட் கழகத்தின் உரிமையாளர் மெத்தியூ பென்ஹாமும் பிரைட்டனின் டொனி புளூமும் பந்தயத் துறையில் சம்பாதித்தவர்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் அவ்விரண்டு கழகங்களும் இன்றைக்கு எந்தப் பிரிவில் ஆடிக்கொண்டிருக்கும் என்பதையும் அண்ணன் சொல்ல வேண்டும்.

நானுஓயா வாசி:

சூதாட்டம் மலையகத்துக்குப் புதிதாக வந்த பொருள் அல்ல. நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல் 1875ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இங்கிலாந்துக் குதிரைகளின் மீது பணம் கட்டும் பந்தயக் கடைகளான புக்கிகள் எங்கள் நகரங்களில் பல காலமாக இயங்குகின்றன. அரசும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவற்றிடமிருந்து வரி வாங்குகிறது. 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அரசு வரி வாங்கும் தொழிலின் பெயரைச் சட்டையில் எழுதுவது மட்டும் எப்படிப் பாவமாகும்?

மேலும், விளம்பரத்தை நிறுத்தினால் பழக்கம் நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இத்தாலி 2018இலேயே சூதாட்ட விளம்பரங்களைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே இத்தாலியின் சண்ட்ரோ டொனாலி, மிலான் கழகத்தில் ஆடிய காலத்தில் பந்தயம் கட்டியதற்காக 2023 ஒக்டோபரில் பத்து மாதத் தடை பெற்றார். அவ்வழக்கில் பேசப்பட்டவை சட்டவிரோதத் தளங்கள். வெளிச்சத்தில் இருக்கும் தொழிலைக் கண்காணிக்கலாம், இருட்டில் தள்ளிய தொழிலை யாரும் கண்காணிக்க முடியாது. வயது வந்தவர் தன் உழைப்புப் பணத்தை என்ன செய்கிறார் என்பது அவருடைய உரிமை.

கெசல்கமுவ:

புக்கியையும் கையடக்கத் தொலைபேசியையும் ஒன்றாக வைத்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. புக்கிக்கு ஒரு கதவு உண்டு, அதைப் பூட்டும் நேரமும் உண்டு. அங்கே போகிறவரை நான்கு பேர் பார்ப்பார்கள், பார்த்தவர்களில் ஒருவராவது வீட்டில் சொல்லிவிடுவார். தொலைபேசியில் இந்த மூன்றும் இல்லை. அதோடு, புக்கியில் ஒரு குதிரையின் மீது கட்டினால் ஓட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்; இங்கே அடுத்த கோணர் உதை யாருக்கு, அடுத்த மஞ்சள் அட்டை யாருக்கு என்று ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டலாம்.

டொனாலியைச் சொன்னீர்கள், நான் அப்போது பிரென்ட்போர்ட்டில் ஆடிய ஐவன் டோனியைச் சொல்கிறேன். 232 பந்தய விதிமீறல்களுக்காக 2023 மே மாதத்தில் அவருக்கு எட்டு மாதத் தடை விதித்தார்கள். அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதை மருத்துவ நிபுணர் கண்டறிந்ததாகத் தீர்ப்பின் காரணங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. தண்டிக்கப்பட்ட அந்த மனிதர் வாரந்தோறும் நெஞ்சில் சுமந்து ஓடியது ஒரு பந்தயக் கம்பனியின் பெயரை. கழகம் விற்றுக்கொண்டிருந்த அதே பொருளால் கழகத்தின் வீரர் விழுந்தார்; கம்பனியின் பெயர் சட்டையிலேயே இருந்தது.

சிறிய கழகம் வேறு வழியில்லாமல் வாங்குகிறது என்பதும் முழு உண்மையல்ல. 2023–24 பருவத்தில் பிரீமியர் லீக்கில் ஆடிய லூட்டன் டவுன், அந்தப் பிரிவின் மிகச் சிறிய மைதானங்களில் ஒன்றை வைத்துக்கொண்டும், பந்தயப் பணம் வேண்டாம் என்றது. ஸ்பெயினில் 2021–22 பருவத்திலிருந்து எந்தக் கழகத்தின் சட்டையிலும் அப்பெயர்கள் இல்லை. அங்கே உதைபந்தாட்டம் நின்றுவிடவில்லை. பிரீமியர் லீக் கழகங்களும் 2025–26 பருவத்தின் முடிவோடு நெஞ்சுப் பகுதியிலிருந்து அவற்றை எடுத்துவிட 2023இல் இணங்கின. ஆனால் சட்டைக் கையிலும் மைதான ஓரத்துப் பலகைகளிலும் அனுமதி தொடரும் என்பதால், அதை அரைக் கிணறு தாண்டியதாகவே நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் சிறுவர் அளவு ஜேர்சிகளில் பந்தயக் கம்பனியின் பெயரை அச்சிடுவதில்லை. அத்துறையின் சொந்த ஒழுக்கக் கோவையே அதைத் தடுக்கிறது. சென்ற ஞாயிறு ஹட்டன் சந்தையில், தார்ப்பாயின் மேல் குவித்து வைத்திருந்த போலி ஜேர்சிகளுக்குள் ஏழு வயதுப் பிள்ளைக்கான ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். அந்தப் பெயர் சட்டையின் அகலம் முழுவதும் இருந்தது. அங்கே பிள்ளைக்குக் காட்டக்கூடாது என்று தீர்மானித்த பெயரை இங்கே பிள்ளைக்கு உடுத்துகிறோம்.

கணித ஆசிரியர் (கொட்டகலை):

உரிமை பற்றிப் பேசும் தம்பிக்கு ஒரு சிறு கணக்கை மட்டும் காட்ட விரும்புகிறேன். இரு பக்கமும் சமமான வாய்ப்புள்ள ஒரு பந்தயத்தில், நியாயமாக ஓர் ரூபாய்க்கு இரண்டு ரூபாய் திரும்பி வர வேண்டும். தளங்கள் பெரும்பாலும் 1.90 என்பது போன்ற விலையைத்தான் வைக்கும். இரு பக்கமும் ஆயிரம் ஆயிரமாகக் கட்டினால் எது வென்றாலும் 2,000 போய் 1,900 திரும்பும். நூற்றுக்கு ஐந்து தளத்துக்கு.

பிள்ளைகள் விரும்பிக் கட்டுவது ஓர் ஆட்டத்தின் மீது அல்ல. நான்கு ஆட்டங்களை ஒன்றாகக் கோத்து, நான்கும் சரியானால் பெருந்தொகை என்று கட்டுகிறார்கள். அப்போது அந்த 0.95 நான்கு தடவை பெருக்கப்பட்டு ஏறத்தாழ 0.815 ஆகிறது, அதாவது ஆயிரம் ரூபாய்க்கு நீண்டகாலச் சராசரியாகத் திரும்புவது 815 ரூபாய்தான். எனது உயர்தர வகுப்பில் நிகழ்தகவு நன்றாகச் செய்யும் மாணவனே இதை என்னிடம் மறுத்தான். எந்த அணி வெல்லும் என்பது தனக்கு நன்றாகத் தெரியும் என்றான். உதைபந்தாட்ட அறிவு பந்தய அறிவாகிவிடும் என்ற அந்த நம்பிக்கையைத்தான் ஜேர்சியிலுள்ள பெயர் ஊட்டுகிறது.

டன்பார் 10:

சேர், கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்து அரசாங்க லொத்தர் விற்கிறார்கள். அதிலும் விற்பவருக்குத்தான் இலாபம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எதிர்த்து இங்கே யாரும் ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஏழைப் பையன்களுக்குச் சட்டை கிடைக்கும்போது மட்டும் ஏன் எல்லோருக்கும் நீதி நினைவுக்கு வருகிறது?

மேல்கொத்மலை (தலவாக்கலை):

தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவனும் உதைபந்தாட்டப் பைத்தியம்தான். அவனுக்குப் பந்தயத் தளத்தைக் காட்டியவன் எங்கள் டிவிசன் (தோட்டப் பிரிவு) அணியில் அவனோடு ஆடிய கூட்டாளி. அந்தக் கூட்டாளிக்கு ஒரு முகவர் காட்டினார். தொடக்கத்தில் என் தம்பி முந்நூறு ரூபாய் கட்டி ஆயிரத்துச் சொச்சம் வென்றானாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது இரவு ஒரு மணிக்கு எழுந்து பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கம்பளியை இழுத்தேன். பெயர்கூட வாசிக்கத் தெரியாத ஏதோ ஒரு நாட்டின் இளையோர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. "யார் ஆடுகிறார்கள்?" என்று கேட்டேன். "தெரியாது" என்றான். உதைபந்தாட்டத்தின் மீதிருந்த ஆசைகூட அப்போது அவனிடம் இல்லை.

மறுநாள் கோயிலுக்குப் போக அம்மா தோட்டைத் தேடியபோது, அரிசி டின்னுக்குள் அடகுச்சீட்டுதான் இருந்தது. அம்மாவின் தீபாவளி முற்பணத்தில் பாதியைக் கொடுத்துத்தான் தோட்டை மீட்டோம். லொத்தர் டிக்கெட் வாங்கி யாருடைய தோடும் அடகுக்குப் போனதை எங்கள் லயத்தில் நான் கண்டதில்லை. உங்கள் பையன்களின் சட்டையில் அந்தப் பெயர் இருந்தால், அடுத்த டிவிசனிலுள்ள இன்னொருவனுக்கு அதைக் காட்டும் கூட்டாளியாக உங்கள் பையன் ஆகிவிடுவான்.

நானுஓயா வாசி:

அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். விளம்பரத் தடையால் எல்லாம் தீரும் என்பதை நான் இப்போதும் நம்பவில்லை. முகவர்களையும் தளங்களையும் பதிவுக்கும் வயதுக் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தி, ஒருவர் ஒரு மாதத்தில் இழக்கக்கூடிய தொகைக்கு வரம்பு வைப்பதுதான் வழி என்ற என் கருத்து மாறவில்லை. ஆயினும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களும் ஆடும் அணிக்கு இந்தச் சட்டை பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அணியில் அப்படி எத்தனை பேர், தம்பி?

டன்பார் 10:

ஐந்து பேர்.

கெசல்கமுவ:

தம்பி, நீதி பேசுவதோடு நான் நின்றுவிட்டால் நீங்கள் கேட்டது சரியாகிவிடும். பதினாறு ஜேர்சிக்கு 28,800 ரூபாய். இரண்டு ஜேர்சிக்கான பணத்தை நான் தருகிறேன். என்னோடு படித்து இப்போது கட்டாரிலும் கொழும்பிலும் இருக்கும் நான்கு பேரிடம் இன்றிரவே பேசுகிறேன். நெஞ்சுப் பகுதியில் தோட்டத்தின் பெயரைப் போடுவோம். இலக்கம் முதுகில் பெரிதாக இருக்கட்டும், மத்தியஸ்தருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

கணித ஆசிரியர் (கொட்டகலை):

ஒன்று என் கணக்கில்.

டன்பார் 10:

நன்றி அண்ணன், நன்றி சேர். பிரீமியர் லீக் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. பந்தயப் பணம் போனால் அங்கே பெரிய கழகங்களுக்கும் சிறிய கழகங்களுக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் கூடும் என்றே நினைக்கிறேன். அக்காவின் தம்பியைப் போல் எங்கள் அணியிலும் ஒருவன் இருக்கிறான் என்பதை மட்டும் இங்கே சொல்லாமல் வைத்திருந்தேன்.

முகவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மாலைக்குள் பத்து ஜேர்சிக்காவது பணம் சேர்ந்தால் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மூன்று பையன்களுக்குச் சப்பாத்தும் இல்லை, அண்ணன். அளவு ஏழு, எட்டு, எட்டு.

கெசல்கமுவ:

எட்டில் ஒரு சோடி என்னிடம் இருக்கிறது. பழையதுதான், ஆனால் அடிப்பாகம் இன்னும் தேயவில்லை. சனிக்கிழமை கொண்டு வருகிறேன்.