‘உப்பு கொஞ்சம் கம்மி’ – ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் தீபாவளிக்கு அப்புறம் சேர்ந்தேன். தினமும் மதியக் கறிகளை ருசி பார்த்து செஃபுக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மீன் கறியில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால், அதைச் சொல்லத்தான் திண்டாடுகிறேன்.

‘லேக்ஸ் சால்ட்’ என்று எழுதியதும், உப்பே போடவில்லை என்று நினைத்து அள்ளிப் போட்டுவிட்டார்கள். ஒரு சட்டிக் கறி வீண். ‘ஷார்ட் ஆஃப் சால்ட்’ என்றால் ஸ்டோரில் உப்பு தீரப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறார். ‘ரன்னிங் லோ’வும் அதே கதை. ‘நாட் இனஃப்’ சமைத்தவரைக் குறை சொல்வதுபோல் படுகிறது. அவர் வயதில் மூத்த அக்கா, மனம் நோகக் கூடாது.

‘இட் குட் டூ வித் எ பிட் மோர் சால்ட்’ என்று எழுதினால், கொஞ்சம்தான் குறைவு என்பது மரியாதையாகப் புரியுமா?