கலைச்சொல்: 'ஓர்மொலு' சரவிளக்கு

ந.:
அனைவருக்கும் வணக்கம். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறைகலன்கள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஓர்மொலு' சரவிளக்கில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஓர்மொலு என்பது ஒரு பொன்பூச்சு முறை: பொன்னைப் பாதரசத்தில் குழைத்து வெண்கலத்தில் பூசித் தீயில் காட்டுவார்கள். பாதரசம் புகையாகிப் போக, பொன் பிடித்துக்கொள்ளும். 'தங்க முலாம்' போதுமா?

மு.:
முலாம் உருது வழி வந்த சொல். நமக்கு எதற்கு? தில்லையம்பலத்துக்குப் பராந்தகன் பொன் வேய்ந்தான் அல்லவா? 'பொன்வேய்ந்த வெண்கலம்' என்க.

செ.:
ஐயா, வேய்வது கூரையை. தில்லையில் இருப்பது ஓடு, இங்கே பூச்சு. அக்காலப் பிரெஞ்சுக் கைவினைஞர் கூத்தியேர் பொன்பூசிய வேலைப்பாடுகளைப் பாருங்கள்: ஒரே இலையில் கல்லால் தேய்த்து மெருகிட்ட இடம் மின்னும், பக்கத்திலேயே தேய்க்காத இடம் மங்கி நிற்கும். தகடு வேய்ந்து இதைச் செய்ய முடியுமா? முலாம் நகைக்கடை வரை எல்லாருக்கும் புரிகிற சொல். இருக்கட்டும்.

ந.:
ஆனால் அக்கா, இன்று முலாம் என்றால் மின்சாரத்தில் ஏற்றுவதுதானே நினைவுக்கு வரும்? அது 1840களில் வந்த முறை. இரண்டையும் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

மு.:
அப்படியானால் 'இதட்பொன்'. இதள் என்றால் பாதரசம். முள் + புதர் முட்புதர் ஆனதுபோல.

செ.:
மெய்ப்புப் பார்ப்பவர் அதை 'இதழ்ப்பொன்' என்று திருத்திவிடுவார். அது பொன்தாள் ஒட்டுவது, வேறு கலை! 'தீமுலாம்' என் பரிந்துரை.

கு.:
குறுக்கிடுவதற்கு மன்னிக்க. பிரெஞ்சுக்காரர் வெண்கலம் என்று சொல்வதில் பலவற்றில் துத்தநாகம் மிகுதி, பித்தளைக்குத்தான் நெருக்கம். இன்னொன்று, தொங்கும் மணிகளைப் 'படிகம்' என்று எழுதிவிடாதீர்கள். 14ஆம் லூயி காலத்தில் மெய்யான படிகக்கல்லையே தீட்டித் தொங்கவிட்டார்கள். ஈயம் கலந்த கிரிஸ்டல் கண்ணாடி பிரான்சில் பிந்தி வந்தது. சேன் லூயி கண்ணாடி ஆலையில் 1781இல், பக்காரா ஆலையில் 1816க்குப் பிறகு.

ந.:
என் விளக்கு 16ஆம் லூயி காலத்தது. கல்லா கண்ணாடியா என்று மூலத்தில் இல்லை. 'மணிகள்' என்று எழுதித் தப்பிக்கிறேன்.

மு.:
'சரவிளக்கு' மட்டும் சரியா? மணிச்சரங்கள் கூடைபோல் இறங்குவது நெப்போலியன் காலத்துப் பாணி. உங்களுடையது கிளைகள் கொண்டது. 'கொத்துவிளக்கு' என்க.

செ.:
இதற்கு வேறு இழை தொடங்குங்கள் ஐயா, புண்ணியமாகப் போகும்.

ந.:
நேரமில்லை. 'தீமுலாம் பூசிய வெண்கலச் சரவிளக்கு' என்று அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மு.:
முலாமுக்கு என் மறுப்பு பதிவாகட்டும். இதட்பொன்னில் பிழை என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கு.:
வெண்கலமும் தவறுதான்.