கட்டிங் போட்டபின் பேட் அகலமாகிவிட்டது, எங்கே தப்பு?

மாலைநேர ஆட்டக்காரன்:
கட்டிங் என்றதும் வேறு எதையும் நினைக்க வேண்டாம், ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்டுவதுதான். டிராப் வெயிட் மெஷின் (தண்டில் எடை தொங்கவிட்டு நரம்பை இழுப்பது) வாங்கி இது மூன்றாவது பேட். யோனெக்ஸ் பிஜி 65 நரம்பு, மெயின் (நெடுக்கு நரம்பு) 22, கிராஸ் (குறுக்கு நரம்பு) 21, எல்லாமே 24 பவுண்டு இழுவிசை. கழற்றி, அதே மாடல் இன்னொரு பேட்டின் மேல் வைத்துப் பார்த்தால் தலை குட்டையாகி, பக்கவாட்டில் நாலு மில்லிமீட்டர் பிதுங்கி நிற்கிறது. ஃபிரேம் போய்விட்டதா?

நரம்புக்காரர்:
மெயின் இழுக்கும்போது தலையும் அடியும் நெருங்கி வரும், பக்கம் விரியும். அதைத் திரும்ப உள்ளே இழுப்பது கிராஸ்தான். ஆனால் கிராஸ் மெயினோடு பின்னிப் போவதால் உரசலிலேயே கொஞ்சம் இழுவிசை போய்விடும். அதனால் மெயின் 24 என்றால் கிராஸ் 26 வையுங்கள். எடை தொங்கும் தண்டு ஒவ்வொரு இழுப்பிலும் படுக்கைவாட்டில் நிற்கிறதா? சாய்ந்து நின்றால் நீங்கள் வைத்த பவுண்டு விழாது.

பழைய கை:
அது சரி, ஆனால் அதற்கே நாலு மில்லி வராது. மெஷினில் ஃபிரேமைத் தாங்கிப் பிடிக்கும் சப்போர்ட் எத்தனை? மெயின் முடித்த கையோடு கிராஸ் போட்டீர்களா?

மாலைநேர ஆட்டக்காரன்:
ஆறு சப்போர்ட். மெயின் முடிக்கும்போதே ராத்திரி பதினொன்றாகிவிட்டது அண்ணா. கிராஸ் காலையில்தான் போட்டேன்.

பழைய கை:
மாட்டிக்கொண்டீர்கள் தம்பி! ராத்திரி முழுக்க ஒரே பக்க இழுப்பில் கார்பன் ஃபிரேம் நின்றிருக்கிறது. பக்க சப்போர்ட்டும் தளர்வாக இருந்திருக்கும். மெயினுக்கு முன்பே ஃபிரேமைத் தொட்டபடி வைக்க வேண்டும். இப்போது காசைப் பார்க்காமல் நரம்பை வெட்டிவிடுங்கள். நடுவில் ஆரம்பித்து, ஒரு மெயின், ஒரு கிராஸ் என்று மாற்றி மாற்றி வெளியே வாருங்கள். அப்புறம் டார்ச் அடித்து, கிராமெட் (நரம்பு நுழையும் பிளாஸ்டிக் குழாய்) ஓட்டைகளைச் சுற்றி பெயின்ட்டில் கீறல் ஓடியிருக்கிறதா பாருங்கள். கீறல் இருந்தால் மறுபடி கட்ட வேண்டாம்.

மாலைநேர ஆட்டக்காரன்:
கீறல் இல்லை. இன்று ஒரே உட்காரலில் மெயின் 22 பவுண்டு, கிராஸ் 24 பவுண்டு போட்டேன், அகலம் ஒரு மில்லிக்குள் வந்துவிட்டது. முடிச்சுப் போட்டு வாலை வெட்டிய பிறகுதான் பார்த்தேன்: பதினாலாவது கிராஸ் ஒரு இடத்தில் ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று போகாமல், அடுத்தடுத்த இரண்டு மெயினுக்கும் மேலேயே போயிருக்கிறது. இதை அப்படியே வைத்து ஆடலாமா?

நரம்புக்காரர்:
ஆடலாம். கண்ணை உறுத்தினால் பேட்டைத் திருப்பிப் பிடியுங்கள்.