மட்டு உலையா, கட்டகச் சிற்றுலையா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். Small modular reactor (SMR) எனப்படும் சிறிய அணு உலைக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று இங்கே நடக்கும் உரையாடலில் என் கருத்து இது.

2024 மே மாத இறுதியில் இந்தியாவின் உச்ச மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. அணுமின் திறனை 2047-க்குள் 100 கிகாவாட்டாக உயர்த்தும் இலக்குடன், 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை சிறிய உலைகளுக்கான ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதையொட்டிச் செய்திகளில் 'சிறிய மட்டு உலை' என்னும் தொடர் பரவி வருகிறது. மட்டு என்றால் நமக்கு அளவு, வரம்பு என்றே பொருள்படும் என்பதால், ஆற்றல் மட்டுப்படுத்தப்பட்ட உலை என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். இது வேரூன்றும் முன் மாற்றுச்சொல் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மாற்றாக இக்குழுமத்தில் முன்வைக்கப்பட்ட 'சிற்றலகு உலை' சொல்லழகு உடையதே. ஆனால் கூடங்குளத்தின் ஆயிரம் மெகாவாட் உலைகளை முதல் அலகு, இரண்டாம் அலகு என்றே அனைவரும் சொல்கிறோம். மேலும், சீனாவின் ஷிதாவ் விரிகுடாவில் 2023 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய நிலையத்தில், ஹீலியத்தால் குளிர்விக்கப்படும் இரண்டு உலைகள் சேர்ந்து ஒரே விசையாழியைச் சுழற்றி 210 மெகாவாட் தருகின்றன. ஒவ்வோர் உலையிலும் ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள எரிபொருள் உருண்டைகள் நான்கு இலட்சத்துக்கும் மேல் நிரம்பியுள்ளன. மின் உற்பத்திக் கணக்கில் அது ஓர் அலகு. உலைக் கணக்கில் இரண்டு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் குழப்பமே மிஞ்சும்.

ஆகவே 'கட்டகச் சிற்றுலை' என்று முன்மொழிகிறேன். பயிற்சிக் கட்டகம் (training module) என்னும் வழக்கால் ஆசிரியர்களுக்கு இச்சொல் ஏற்கெனவே பழக்கமானது. தனித்தனியே கட்டி ஒன்றோடொன்று சேர்ப்பது என்னும் கருத்தும் அதில் தெளிவாக நிற்கிறது. ஆலையில் கட்டி, தளத்துக்குக் கொண்டுசென்று, தேவை கூடக்கூட ஒன்றன்பின் ஒன்றாய் இணைத்துக்கொள்ளலாம் என்பதுதானே இவ்வுலைகளின் சிறப்பு? ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் மின்சாரம் தரும் மிதவை நிலையத்தின் இரு 35 மெகாவாட் உலைகளும் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு, கடல்வழியே இழுத்துச் செல்லப்பட்டவையே.

ஒரு வேறுபாட்டையும் காக்க வேண்டும். கல்பாக்கத்தில் உள்ளதைப் போன்ற 220 மெகாவாட் கனநீர் உலையைத் தளத்திலேயே கட்டினால், சிற்றுலைகளுக்கான 300 மெகாவாட் வரம்புக்குள் வருவதால் அது சிற்றுலைதான். கட்டக உலை ஆகாது. பத்து மெகாவாட்டுக்கு உட்பட்டவற்றை 'நுண்ணுலை' எனலாம். மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச்சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.