புரூக்ஸ் அருவி கேமராவில் கரடி எப்போது தெரியும்?

வால்காக்கை: அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் இருக்கும் அந்தக் கரடி நேரலையை மதியச் சாப்பாட்டு வேளையில் திறந்தால் ஒரே இருட்டு. எந்த நேரம் சரி?

மழைப்பித்தன்: கோடையில் அலாஸ்கா இந்தியாவுக்கு 13½ மணி நேரம் பின்னால். நமக்கு மதியம் 1 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 11.30, பிறகு என்ன தெரியும்? ராத்திரி எட்டுக்கு மேல் பாருங்கள், விடிந்திருக்கும். ஜூலைதான் உச்சம். சால்மன் மீன்கள் அருவியைத் தாண்ட எம்பிக் குதிக்கும்போது மேல்விளிம்பில் வாயைத் திறந்தபடி கரடி நிற்கும், சில மீன்கள் நேராகப் பல்லிலேயே வந்து மாட்டும்.

பனங்காடை: ஆகஸ்டில் கரடிக் கூட்டம் குறையும், செப்டம்பரில் செத்து ஒதுங்கும் மீனைத் தின்னத் திரும்பி வரும். அப்புறம் எந்தக் கரடி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று இணையத்தில் ஓட்டுப் போடும், 2014-ல் ஆரம்பித்த குண்டுக் கரடி வாக்கெடுப்பு இருக்கிறதே, அதைத் தவறவிடாதீர்கள். 480-ஆம் எண் ஓட்டிஸ், பல் தேய்ந்த கிழம், நாலு முறை ஜெயித்தது!

சின்னான்: குழந்தைகளோடு பார்ப்பதென்றால் கொஞ்சம் கவனம். 2024 செப்டம்பர் கடைசியில் ஒரு ஆண் கரடி பெண் கரடியைக் கொன்றது அப்படியே நேரலையில் ஓடியது.

வால்காக்கை: சரி, இன்றைக்கு எட்டரைக்குப் போட்டுவிடுகிறேன்.